தராவா: ஒரு கூட்டல் கணக்கு

யுத்த வரலாறுகளில் இரண்டு விஷயங்கள் எப்போதும் என்னை உறுத்துகின்றன. ஒன்று, இயற்கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும் உருவகம். மற்றது, கீழே கோடு இழுத்துக் கூட்டி வைக்கப்பட்ட மொத்தம். முதலாவது, முடிவு எடுத்தவனை மறைக்கிறது. இரண்டாவது, செத்தவனை மறைக்கிறது. இரண்டும் மொழி சம்பந்தப்பட்டவை. ஆகவே ராணுவ அறிவு ஏதுமில்லாத ஒரு விமர்சகனும் இவற்றைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். பேசுவதற்கு எடுத்துக்கொள்வது 1943 நவம்பர் 20 முதல் 23 வரை பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, தராவா என்ற பவளத்தீவு வளையத்தில், 76 மணி நேரம் நடந்த சண்டை.

இந்தச் சண்டையை நான் தேடிப் போகவில்லை. திருவல்லிக்கேணி நடைபாதையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைத்த, அட்டை கழன்ற ஒரு புத்தகம் ராபர்ட் ஷெராட் 1944-ல் வெளியிட்ட தராவா நூலாக இருந்தது. அதிலிருந்து வேறு புத்தகங்களுக்குப் போனேன். இரண்டு வருடமாகச் சாயங்காலங்களில் இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாள் சண்டையைப் படிக்க இரண்டு வருடம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொல்ல நினைத்த பதில்தான் இந்தக் கட்டுரை.

தராவா, அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த கில்பர்ட் தீவுகளில் ஒன்று. ஒரு பெரிய முக்கோணத்தின் இரண்டு ஓரங்களில் மணிகளைக் கோத்தது போலச் சிறு திட்டுகள், நடுவில் உப்பங்கழி. இந்த மாலையின் தென்மேற்கு மூலையில் இருப்பது பேஷியோ. கில்பர்ட் மொழியை ரோமன் எழுத்தில் எழுதிய பாதிரிமார்கள் 'ஸ' ஒலிக்குத் தனி எழுத்து வைக்கவில்லை. 'தி' என்று எழுதி 'ஸ' போல வாசிக்க வேண்டும். கில்பர்ட்ஸ் என்ற இங்கிலீஷ் பெயரே அந்த மக்களின் நாவில் உருமாறி, இன்று கிரிபாஸ் என்று தேசத்தின் பெயராகிவிட்டது. யுத்தப் புத்தகங்களில் வரும் அமெரிக்கச் சிப்பாய்களில் பலர் தாங்கள் செத்துக்கொண்டிருந்த இடத்தின் பெயரைச் சரியாக உச்சரித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பேஷியோவின் நீளம் சுமார் மூன்று கிலோமீட்டர். அகலம், அதிகபட்ச இடத்தில், முக்கால் கிலோமீட்டருக்கும் குறைவு. பரப்பளவு முந்நூறு ஏக்கருக்குள். நம் பக்கத்துச் சுமாரான ஏரி ஒன்றின் ஆயக்கட்டுக்குள் அடங்கிவிடும். எந்த இடமும் கடல் மட்டத்திலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் எழவில்லை. குன்று இல்லை, ஆறு இல்லை. தென்னைகளும் வெண்மணலும்தான். இதில் ஜப்பானியர் ஒரு விமான ஓடுபாதை போட்டார்கள். ஓடுபாதை இருந்ததால் அமெரிக்கருக்கு அந்தத் திட்டு வேண்டியிருந்தது. மத்திய பசிபிக் வழியாக மார்ஷல் தீவுகளுக்கும் அங்கிருந்து மேற்கேயும் போவதற்கு அது முதல் படி.

ஜப்பானியர் 1942 செப்டம்பரில் தராவாவில் கால் வைத்தார்கள். அதற்கு முந்தின மாதம் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் பக்கத்து மேகின் தீவில் திடீர்த் தாக்குதல் நடத்தித் திரும்பியிருந்தார்கள். அந்தத் தாக்குதல்தான் கில்பர்ட் தீவுகளை அரண் செய்ய வேண்டும் என்ற யோசனையை ஜப்பானியருக்குக் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 15-ம் தேதி பேஷியோவில் 22 கைதிகளின் தலை வெட்டப்பட்டது. 17 பேர் நியூசிலாந்தின் கடலோரக் கண்காணிப்பாளர்கள். கப்பல் போக்குவரத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த தபால் தந்தி இலாகா ஆட்களும் அவர்களுக்குத் துணையாக இருந்த சிப்பாய்களும். மீதி ஐவர் சிவிலியன்கள். சண்டையின் வரலாறு பெரும்பாலும் இவர்களைத் தாண்டித்தான் ஆரம்பிக்கிறது.

அரணை வகுத்தவர் தொமொனாரி சைசிரோ என்ற எஞ்சினியர் அட்மிரல். 1943-ல் அவரிடமிருந்து பொறுப்பை ஏற்றவர் ஷிபாசாகி கெய்ஜி. பத்து லட்சம் பேர் வந்தாலும் இதைப் பிடிக்க நூறு வருடமாகும் என்று அவர் சொன்னதாக எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. தென்னை மரக் கட்டைகளை அடுக்கி, மேலே பவள மணலைக் குவித்துக் கட்டிய பதுங்கு அறைகள் குண்டுகளை விழுங்கிக்கொண்டன. எட்டு அங்குல பீரங்கிகள் நான்கு. சிங்கப்பூரில் பிரிட்டிஷாரிடம் பிடித்துக் கொண்டுவந்தவை என்று இவற்றைப் பற்றி நெடுங்காலம் சொல்லப்பட்டது. உண்மையில் 1905-ல் பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனி ஜப்பானுக்கு நேர்மையாக விற்றவை என்று பிற்பாடு தெரிந்தது. பிடித்துக் கொண்டுவந்தவை என்ற கதை ஏன் அவ்வளவு காலம் நின்றது? எதிரியின் கையில் இருக்கும் ஆயுதத்தை நாமே பில் போட்டு விற்றோம் என்பதைவிட, நம்மிடம் பறித்தான் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. பில் எழுதிப் பிழைப்பவனுக்கு இது உடனே புரிகிறது.

தீவைக் காத்தவர்கள் சுமார் 4,800 பேர் என்று கணக்கு. இதில் ஆயுதம் ஏந்திய கடற்படைத் துருப்புகள் சுமார் 2,600 பேர்தான். மீதியில் ஜப்பானியக் கட்டுமானத் தொழிலாளர் ஆயிரம் பேரளவில். கொரியத் தொழிலாளர் ஏறத்தாழ 1,200. இந்தக் கடைசி எண்ணுக்குப் பிறகு வருகிறேன்.

*

பேஷியோவைச் சுற்றிப் பவளப் பாறை மேடை ஒன்று கரையிலிருந்து ஐந்நூறு, அறுநூறு கஜம் வரை கடலுக்குள் நீண்டிருக்கிறது. சிப்பாய்களை ஏற்றிவரும் ஹிக்கின்ஸ் படகுகள் மிதக்க நான்கடித் தண்ணீர் வேண்டும். சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து பாறைமீது ஏறக்கூடிய வண்டிகள் 125 மட்டுமே இருந்தன. அவை முதல் மூன்று அலைகளுக்குப் போதும். அதற்குப் பின்னால் வருகிறவர்கள் படகில்தான் வர வேண்டும். ஆக முழுக் காரியமும் மேடைமேல் எத்தனை அடித் தண்ணீர் நிற்கும் என்ற ஒரே எண்ணில் தொங்கியது.

அந்தத் தீவுகளில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் மேஜர் ஃப்ராங்க் ஹாலண்ட். தராவாவில் காலனியின் கல்விப் பணியில் இருந்தவர். அந்த நாட்களில் மூன்றடிகூட இராது என்று அவர் சொன்னார். அதே கடலில் கப்பல் ஓட்டிய மற்றவர்கள் ஐந்தடி இருக்கும் என்றார்கள். அவர்களிலேயே சிலருக்கு, எதிர்பார்த்த நேரத்தில் ஏறாமல் போக்குக் காட்டும் கடலைப் பற்றித் தெரியும். 'டாட்ஜிங் டைட்' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். இரண்டாவது மரீன் டிவிஷனின் தளபதி ஜூலியன் ஸ்மித் ஹாலண்டின் பேச்சைத் தள்ளிவிடவில்லை. தண்ணீர் கிடைக்கவும் கிடைக்காமல் போகவும் சரிபாதி வாய்ப்பு என்று கணித்து, நடந்துதான் கரை சேர வேண்டியிருக்கலாம் என்று ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லவும் சொன்னார்.

நவம்பர் 20 காலை கப்பல்களின் பீரங்கிகள் மூவாயிரம் டன் அளவுக்குக் குண்டுகளை அந்தத் திட்டின்மேல் கொட்டின. இதற்குப் பிறகு உயிரோடு யாரும் இருக்க முடியாது என்று கப்பல் தளங்களில் நின்றவர்கள் நினைத்தார்கள். கரையிறங்க முதலில் குறித்த நேரம் எட்டரை. அது எட்டேமுக்கால் ஆயிற்று, பிறகு ஒன்பது ஆயிற்று. குண்டுவீச்சு நின்றதற்கும் வண்டிகள் கரை தொட்டதற்கும் இடையில் கிடைத்த நிமிஷங்களில் ஜப்பானியர் துப்பாக்கிகளுக்குத் திரும்பிவிட்டார்கள். முதல் அலைகள் ஒருவாறு கரை தொட்டன. பின்னால் வந்த படகுகள் பாறை மேடையின் விளிம்பில் தட்டி நின்றன. தண்ணீர் மூன்றடிக்கும் குறைவு. ஆட்கள் இறங்கி நடந்தார்கள். ஐந்நூறு கஜம், சிலர் எழுநூறு கஜம். இடுப்பளவு, பள்ளங்களில் கழுத்தளவுத் தண்ணீரில், துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, எதிரே இருந்து சுடும் மெஷின்கன்களை நோக்கி. தண்ணீரில் ஓட முடியாது. படுக்க முடியாது. அன்று இரவுக்குள் இறங்கிய ஐயாயிரம் பேரில் ஆயிரத்து ஐந்நூறு பேர் செத்தோ காயப்பட்டோ போனார்கள். கரையில் கிடைத்தது சில கஜ மணலும், அதன் ஓரத்தில் தென்னங்கட்டைகளால் கட்டிய குட்டைச் சுவரும்.

கடல் முப்பது மணி நேரம் ஏறவில்லை. இரண்டாம் நாள் பிற்பகலில்தான் ஏறியது.

இங்கேதான் வரலாற்று ஆசிரியனின் மொழி மாறுகிறது. அதுவரை கஜம், டன், நிமிஷம் என்று பேசி வந்தவன் திடீரென்று கடல் கைவிட்டது என்கிறான், அலை வஞ்சித்தது என்கிறான், விதி என்கிறான். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்தில் ஒரு கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் கோரஸாக மாறிவிடுகின்றன. இது வெறும் அலங்காரம் என்று விட்டுவிட முடியாது. உருவகத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. கடல் வஞ்சித்தது என்று எழுதும்போது, கடல் ஏதோ வாக்குக் கொடுத்திருந்தது என்றாகிறது. வாக்குக் கொடுத்தவர்கள் மனிதர்கள். ஐந்தடி என்று சொன்னவர்கள் மனிதர்கள். மூன்றடி என்று சொன்னவரும் மனிதர். சரிபாதி வாய்ப்பு என்று தெரிந்தே தேதியை வைத்துக்கொண்டவர்கள், நல்லவர்களாகவே இருந்தபோதும், மனிதர்கள்தான்.

1987-ல் டொனால்ட் ஓல்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அன்றைய சந்திரனின் நிலையைக் கணக்கிட்டுப் பார்த்தார். சந்திரன் கடைசிக் கால் கட்டத்தில் இருந்தது. போதாததற்குப் பூமியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் புள்ளிக்கு அருகிலும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் கடல் நடுவில் நின்றுவிடும். நம் பஞ்சாங்கத்தில் சொன்னால் அது தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள். அமாவாசை பௌர்ணமிக்குக் கடல் ஏறும், அஷ்டமி நவமியில் அடங்கிக் கிடக்கும் என்பது கடற்கரையில் வாழ்கிற எவருக்கும் தெரிந்தது. பெரிய ஏற்றத்துக்கு இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். மார்ஷல் தீவுகள் அடுத்து நின்றன, காலண்டர் நெருக்கியது. ஓல்சனின் கணக்கு வந்த பிறகும் 'வஞ்சித்த கடல்' புத்தகங்களிலிருந்து போய்விடவில்லை. ஒரு நல்ல உருவகத்தை உண்மையால் லேசில் அசைக்க முடிவதில்லை. கவிதை எழுதுகிற நமக்கு இது பெருமைப்படும் விஷயமாக எனக்குப் படவில்லை.

*

ஷெராட்டின் புத்தகத்தில் இந்தக் குற்றம் குறைவு. காரணம் அவர் பெரிய எழுத்தாளர் என்பதல்ல. அவர் 'டைம்' பத்திரிகையின் நிருபர். ஐந்தாவது அலையோடு படகில் வந்து, மற்றவர்களைப் போலவே எழுநூறு கஜம் கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து கரை சேர்ந்தவர். தண்ணீரில் நடக்கிறவனுக்குக் கடல் ஒரு பாத்திரமாகத் தெரிவதில்லை, ஆழமாகத்தான் தெரியும். எந்த நிமிஷத்தில் தனக்கு என்ன தெரிந்ததோ அதை மட்டும் எழுதுகிறார். சண்டை ஜெயிக்கப்படுமா என்று முதல் நாள் இரவில் அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கங்களைப் படிக்கும் நமக்கும் தெரியாமல் போய்விடுகிறது. முடிவைத் தெரிந்துகொண்டு ஆரம்பத்தை எழுதுகிற சுகத்தை அவர் தனக்கு மறுத்துக்கொண்டிருக்கிறார். நம் சிறுகதைக்காரர்கள் பலருக்கு வாய்க்காத ஒழுக்கம் இது.

கரையில் தலைமை தாங்கிய கர்னல் டேவிட் ஷூப்பையும் இந்தப் பக்கங்களில் பார்க்கலாம். காலில் காயத்தோடு, ஒரு ஜப்பானியப் பதுங்கு அறையின் சுவரில் சாய்ந்துகொண்டு உத்தரவு கொடுக்கிறார். அந்த அறைக்குள் ஜப்பானியர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வெளியே வரவும் வழியில்லை, உள்ளே போகவும் வழியில்லை. ஒரு சுவரின் இரு பக்கமும் இரண்டு யுத்தங்கள். இதை யாராவது கதையில் எழுதியிருந்தால் நான் செயற்கை என்று சொல்லியிருப்பேன். இதே ஷூப் பிற்பாடு மரீன் படையின் தலைவராக உயர்ந்து, ஓய்வு பெற்றபின் 1966-ல் வியட்நாம் யுத்தத்தை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். தராவாதான் அதற்குக் காரணம் என்று நிரூபிக்க முடியாது. தொடர்பே இல்லை என்றும் நான் நம்பவில்லை.

ஷிபாசாகி முதல் நாள் பிற்பகலிலேயே செத்துப்போனார். தன் கான்கிரீட் தலைமையகத்தைக் காயம்பட்டவர்களுக்கு விட்டுக்கொடுத்து வேறிடத்துக்குப் போகும்போது கப்பல் குண்டு விழுந்தது என்கிறார்கள். டெலிபோன் கம்பிகளையும் குண்டுவீச்சு அறுத்திருந்தது. முதல் இரவில் ஜப்பானியர் திரண்டு எதிர்த்திருந்தால் அந்தச் சில கஜ மணலும் போயிருக்கும். திரள்வதற்குச் சொல்ல ஆளில்லை. நூறு வருடம் என்று சொன்னவரின் பங்கு ஒரு பகலில் முடிந்தது. மூன்றாம் நாள் இரவில் எஞ்சியவர்கள் வெட்டவெளியில் பாய்ந்து வந்து மாண்டார்கள். 23-ம் தேதி பகலில் எல்லாம் ஓய்ந்தது. அன்றே ஓடுபாதையில் ஓர் அமெரிக்க விமானம் இறங்கியது.

சண்டையைப் படம் பிடித்தவர்களில் முக்கியமானவர் நார்மன் ஹாட்ச். சுடுகிறவனும் சுடப்படுகிறவனும் ஒரே சட்டகத்துக்குள் வரும் துண்டு ஒன்று அவருடைய காமிராவில் விழுந்தது. தண்ணீரில் மிதக்கும் அமெரிக்கப் பிணங்களும் விழுந்தன. அதைத் தியேட்டர்களில் காட்டலாமா என்ற கேள்வி ரூஸ்வெல்ட் வரை போயிற்று. ஷெராட்டை அவர் விசாரித்தார். ஜனங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் சிப்பாய்கள் நினைக்கிறார்கள் என்று ஷெராட் சொன்னார். 1944-ல் படம் காட்டப்பட்டது. குறும் ஆவணப் படத்துக்கான ஆஸ்கரும் கிடைத்தது. இறந்தவர்களின் தாய்மார்கள் அட்மிரல் நிமிட்ஸுக்குக் கடிதம் எழுதினார்கள். என் பிள்ளையைக் கொன்றது நீதான் என்கிற தொனியில். அவர்களுடைய இலக்கணத்தில் எழுவாய் சரியாக இருந்தது. கடல் என்று அவர்கள் எழுதவில்லை.

*

இனி மொத்தம்.

அமெரிக்கத் தரப்பில் இறந்தவர் சுமார் ஆயிரம், காயம்பட்டவர் இரண்டாயிரத்துக்கும் மேல். இந்த 'சுமார்' கவனிக்கத்தக்கது. புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறுகிறது. மேகின் அருகே 24-ம் தேதி மூழ்கடிக்கப்பட்ட லிஸ்கம் பே என்ற விமானம் தாங்கிக் கப்பலோடு போன 644 பேரைச் சிலர் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. ஜப்பானியத் தரப்பில் பிடிபட்டவர்கள் 17 பேர்: ஓர் அதிகாரி, பதினாறு சிப்பாய்கள். கொரியர் 129 பேர். மீதி அனைவரும் இறந்தவர் என்ற தலைப்பில் ஒரே தொகையாக வருகிறார்கள்.

பிணங்களின் கதி வேறு. பூமத்தியரேகை வெயிலில் மூன்று நாள். ஜப்பானியரையும் கொரியரையும் குண்டுப் பள்ளங்களிலும் அவர்களே வெட்டிய அகழிகளிலும் தள்ளி மண்ணைப் போட்டு மூடினார்கள். அமெரிக்கரை அவசரமாக, வரிசை வரிசையாகப் புதைத்து அடையாளம் வைத்தார்கள். பிறகு கட்டுமானப் படைக்காரர்கள் ஓடுபாதையைச் சீராக்கியபோது, கல்லறைகளையும் சீராக்கினார்கள். பார்வைக்கு அழகாக வெள்ளைச் சிலுவைகளை நேர்வரிசையில் நட்டார்கள். சிலுவைக்குக் கீழே ஆள் இருந்தாக வேண்டும் என்ற நியதி அதில் கைவிட்டுப் போயிற்று. 1946-ல் பிணங்களைத் தோண்டி எடுத்துப்போக வந்தவர்களுக்குப் பாதிப் பேர்தான் கிடைத்தார்கள். 2015-ல் ஒரு தனியார் அமைப்பு தொலைந்துபோன இடுகாடு ஒன்றைக் கண்டுபிடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களை எடுத்தது. அதில் அலெக்சாண்டர் பானிமன் என்ற பதக்க வீரரும் இருந்தார். நேர்வரிசையில் நின்ற அந்தச் சிலுவைகளை நான் யாப்புக்கு உதாரணமாக நினைத்துக்கொள்கிறேன். அடி எண்ணிக்கை சரியாக இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை.

நான் பாங்கில் குமாஸ்தா. கணக்கு டாலி ஆகாவிட்டால் என்ன செய்வோம் என்பது தெரியும். இன்னாருடையது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். அன்றைய கணக்கு நேராகிவிடும், வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தத் தொகை அழிந்துவிடாது. தணிக்கைக்கு வருகிறவர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். பத்து வருடம் யாரும் தொடாத சேமிப்புக் கணக்குகள் கிளையை விட்டு ரிசர்வ் பாங்கின் நிதிக்குப் போய்விடுகின்றன. அப்போதும் பெயர் போவதில்லை. முந்நூற்று நாற்பது ரூபாயை விட்டுவிட்டுச் செத்துப்போன ஒரு கிழவியின் பெயரும், அவள் கணவன் பெயரும், ரேகை வைத்த அட்டையும் இருக்கின்றன. பேரன் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். முந்நூற்று நாற்பது ரூபாய்க்கு இருக்கும் இந்த மரியாதை பேஷியோவின் ஆயிரத்துச் சொச்சம் கொரியருக்கு இல்லை. ஜப்பானிய இறப்பு என்ற மொத்தத்தில் அவர்களைக் கூட்டியது ஒரு டாலி. அவர்கள் யாருக்காகவும் சண்டை போடவில்லை. மண் சுமந்தார்கள், தென்னை வெட்டினார்கள். தங்கள் தேசத்தைப் பிடித்து வைத்திருந்தவனுக்காகக் கொண்டுவரப்பட்டு, அவனை அடிக்க வந்தவனின் குண்டில் செத்து, அவனுடைய எண்ணிக்கையில் சேர்ந்தார்கள்.

நண்பரின் கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. என் பாட்டியின் அப்பா மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். ஜப்பானியர் காலத்தில் ரயில் பாதை போட சயாமுக்குக் கொண்டுபோனார்கள் என்பது வரை வீட்டில் தெரியும். கூடப் போன ஒருவர் யுத்தம் முடிந்து ஊருக்கு வந்து, காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்னாராம். எந்த முகாம், எந்த மாசம் என்று அவருக்கும் தெரியவில்லை. திதி தெரியாததால் பாட்டி ஒவ்வொரு மகாளய அமாவாசைக்கும் ஒரு இலை போட்டு வந்தாள். செத்த தேதி இல்லாதவர்களுக்கெல்லாம் பொதுவான தேதி அது. அந்த இலையில் பாட்டி எப்போதும் மொச்சைக் குழம்பு வைப்பாள். அவருக்குப் பிடிக்கும் என்பாள். அவர் கப்பல் ஏறியபோது பாட்டிக்கு மூன்று வயது. என்ன பிடிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. ஏதோ ஒரு தகவல் அந்த மனிதரைப் பற்றி நிச்சயமாக இருக்க வேண்டியிருந்தது; அவள் குழம்பை நிச்சயம் செய்துகொண்டாள்.

அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபர் 17-ம் தேதி, தராவாவுக்கு ஒரு மாதம் முன்பு, இரு முனையும் சேர்ந்தது. அதில் இறந்த நேச நாட்டுக் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகம். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக இருக்கின்றன. தமிழரும் மலாய்க்காரரும் பர்மியரும் ஜாவாக்காரருமான தொழிலாளிகளின் சாவு எழுபதாயிரமா, லட்சமா, அதற்கும் மேலா என்பது படிக்கும் புத்தகத்தைப் பொறுத்தது. பல பத்தாயிரங்கள் முன்னும் பின்னும் நகரக்கூடிய ஓர் எண்ணுக்குள் என் பாட்டியின் அப்பா இருக்கிறார். பேஷியோவின் கொரியர்களை 'ஏறத்தாழ 1,200' என்று படித்தபோது அந்த 'ஏறத்தாழ' எனக்குப் பழக்கமான சொல்லாக இருந்தது. இரண்டு வருடம் படித்ததற்கு வேறு காரணம் என்னிடம் இல்லை.

*

நம் இலக்கியத்துக்கும் இந்த விஷயத்தில் பழைய சம்பந்தம் உண்டு. பரணி பாடப்பட ஒருவன் போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியிருக்க வேண்டும் என்பது பாட்டியல் விதி. எண்ணிக்கையையே பிரபந்தத்தின் தகுதியாக வைத்த மரபு வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை. எண்ணப்பட்டவை யானைகள். கீழே கிடந்த ஆட்கள் ஜெயங்கொண்டாரிடம் பேய்களின் கூழுக்குச் சரக்காகிறார்கள். அந்தக் கூழ் சமையலைத் தமிழின் மிகப் பெரிய கற்பனைகளில் ஒன்றாகவே நான் இன்றும் கருதுகிறேன். கொடூரத்தை அப்படியே விழுங்கிச் செரித்துக்கொண்ட கற்பனை அது. எதிர்ப் பக்கத்தில் நடுகல் இருக்கிறது. செங்கம் பக்கத்துப் பல்லவர் காலக் கற்களில் இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊரில் மாடு கவர்ந்தபோது, இன்னாருடைய ஆள் இன்னான் பட்டான் என்று இருக்கிறது. கல்லில் உருவகத்துக்கு இடமில்லை. பரணியையும் நடுகல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யுத்தத்தை எழுதுவதற்கு நம்மிடம் இரண்டு வழிகளும் இருந்திருக்கின்றன என்று தெரிகிறது.

இன்றைய நம் கவிதைகளில் யுத்தம் நிறைய வருகிறது. பெரும்பாலும் படிமமாக. மனசுக்குள் குண்டு விழுகிறது, காதல் சரணடைகிறது, நகரம் பதுங்கு குழியாகிறது. நான் இதைத் தடை செய்யச் சொல்லவில்லை. ஆனால் பதுங்கு குழி என்று எழுதுகிறவன், அதன் கூரையில் எத்தனை வரிசைத் தென்னங்கட்டை, அதை யார் சுமந்தார்கள் என்று ஒரு தடவை யோசித்திருந்தால், அந்த வரி வேறு மாதிரி அமைந்திருக்கும். சிலவேளை எழுதப்படாமலே போயிருக்கும். இரண்டும் கவிதைக்கு லாபம்.

பேஷியோவின் சொந்த ஜனங்களை ஜப்பானியர் சண்டைக்கு முன்பே வேறு திட்டுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். சண்டைக்குப் பின் கில்பர்ட் ஆண்களை அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் தொழிலாளர் படையில் சேர்த்துக்கொண்டார்கள்; மறுபடியும் சுமை. 1979-ல் சுதந்திரம் வந்தது. இன்று அந்தத் திட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். விக்கர்ஸ் பீரங்கிகள் துருப்பிடித்து நிற்கின்றன. வீடு கட்ட, குழாய் பதிக்கத் தோண்டினால் எலும்பு வருகிறது. கடல் ஏறினால் வீட்டுக்குள் வருகிறது. எண்பது வருடம் முன்பு ஏற மறுத்த கடல் இப்போது ஏறுகிறதே என்று யாராவது எழுதக்கூடும். எழுதாமலிருப்பது நல்லது. இதற்கும் மனிதர்களான எழுவாய்கள் இருக்கின்றன.

பேஷியோவில் அமெரிக்கருக்காகத் தோண்டியபோது ஆசியர்களுடையவை என்று கருதப்பட்ட எலும்புகளும் வந்தன. அவற்றில் ஒன்றின் மரபணு, தென் கொரியாவில் இருந்த ஒரு முதியவரின் மரபணுவோடு 2019-ல் பொருந்தியது. 1942-ல் இருபத்துச் சொச்சம் வயதில் கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்ட ஒருவருடைய மகன் அந்த முதியவர். 2023 டிசம்பரில் எலும்புகள் கொரியாவுக்கு வந்து, நாட்டின் தென்மேற்கில் அவருடைய சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டன. தராவாவிலிருந்து இப்படித் திரும்பிய முதல் கொரியர் அவர். குமாஸ்தா புத்தியோடு நான் இதைக் கழித்துப் பார்த்தேன். ஏறத்தாழ 1,200-ல் 129 போனால் ஏறத்தாழ 1,071. அதிலிருந்து ஒன்று. 'ஏறத்தாழ' என்ற சொல் இருக்கும்வரை அந்த ஒன்றைக் கழித்தும் தொகை மாறியதாகத் தெரியாது. அந்த ஊரில் மட்டும் ஒரு திதிக்குத் தேதி கிடைத்திருக்கிறது.